கூண்டில் வைத்த பெயின்ட்

"பதினஞ்சு வயசுப் பையனுக்கு பெயின்ட் டப்பா வித்திருக்கியே, உன் கை விளங்குமா?"

ஒதிலியா போட்ட சத்தத்தில், கடையில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றவில்லை.

கல்லாவில் உட்கார்ந்திருந்த எலிசியோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன தங்கச்சி, யாருக்கு வித்தேன்?"

"யாருக்கா? என் நாச்சோவுக்கு! ஞானஸ்நானத்தப்ப அவனைக் கையில ஏந்தினது நீதானே? ஒரு ஞானத்தகப்பன் பண்ற வேலையா இது?"

"ஐயோ, நாச்சோவுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆகலைன்னு கேளு! ரெண்டு மாசமா தலைவலி, இருமல். மூக்கைச் சிந்தினா சாம்பல் கலர்ல வருது. சனிக்கிழமை அவங்கப்பன் வீட்டுக்குப் போயிட்டு வந்தவன், வாசல்லயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்துட்டான். நாலு வயசுலேருந்து ஆஸ்துமா உள்ள பிள்ளைண்ணே அவன்!"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"எங்கேயோ காத்து வராத இடத்துல நின்னு ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சிருக்கான், அந்தப் புகை நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சுங்கிறாரு. இன்னொரு தடவை அடிச்சா உசிருக்கே உத்தரவாதம் இல்லையாம். இவன்கிட்டக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். ஊர்ல பெயின்ட் விக்கிறது நீ ஒருத்தன்தானே!"

எலிசியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு கடைக்கோடிக்கு நடந்தார். அங்கே கம்பிக் கூண்டுக்குள் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. பூட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"பாரு, நல்லாப் பாரு! துப்பாக்கியைக்கூட இந்த ஊர்ல எவனும் இப்படிப் பூட்டி வைக்கிறதில்ல. பதினெட்டு முடியலைன்னா கவர்னர் மகனுக்கும் கிடையாது. நம்ம பாதிரியாரு சர்ச் கதவுக்கு அடிக்க ஒரு டப்பா கேட்டப்ப, அவருகிட்டயே அடையாள அட்டை கேட்டுத் திட்டு வாங்கினவன் நான்!"

"அப்ப டப்பா என்ன, வானத்துலேருந்து குதிச்சுதா?"

"அந்தம்மா கேக்குறது நியாயம்தானே?"

குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். கின்தானா நின்றிருந்தார். சுவர்களில் கிறுக்குவதைத் தடுக்க நகரசபை போட்டிருக்கும் அதிகாரி. மாதம் ஒருமுறை கூண்டின் பூட்டைச் சோதிக்க வருவார். அவர் ஒரு வரி எழுதினால் போதும், கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பதினெட்டு வயசுன்னு நாங்க என்ன விளையாட்டுக்கா சட்டம் போட்டோம்?" கின்தானாவின் குரல் உயர்ந்தது. "சுவர் அழுக்கானா கழுவிக்கலாம். பிள்ளைங்க நுரையீரலைக் கழுவ முடியுமா? இந்தப் புகை மூளை வரைக்கும் போகுதும்மா. காத்தோட்டமான இடத்துல நில்லு, முகமூடி போடுன்னு ஒவ்வொரு டப்பாவுலயும் கொட்டை எழுத்துல அடிச்சிருக்கான். அதைக் கொண்டுபோய் ஒரு சின்னப் பையன் கையில கொடுத்திருக்கான்னா அவன் மனுஷனே இல்ல!"

ஒதிலியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே சார். நல்லா இருப்பீங்க."

"அழாதீங்கம்மா. கொடுத்தவன் எவனா இருந்தாலும் நான் விடப்போறதில்ல. கோர்ட்டுல நிக்க வெச்சு நாறடிக்கிறேன். எலிசியோ, உன் கடைன்னு மட்டும் தெரிஞ்சுது, நாளைக்கே சீல்!"

"என்னை மிரட்டுறதை விட்டுட்டு அந்தப் பையனைக் கேளுங்க சார்!" எலிசியோவும் பொறுமை இழந்தார். "அவன் என் பேரைச் சொல்லட்டும், சாவியை நானே உங்க கையில கொடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

ஒதிலியா போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேல் வைத்தாள். இரண்டு பேரும் ஆணியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"நாச்சோ, பொய் சொன்னே தோலை உரிச்சிடுவேன். அந்த டப்பாவை உனக்கு யாருடா கொடுத்தது?"

இருமல்தான் முதலில் வந்தது.

"யாரும் இல்லம்மா. விடும்மா."

"பாத்தீங்களா சார்? மூணு நாளா இதே பதில்தான். யாருக்கோ பயப்படுறான்."

கின்தானா போனைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, நகரசபையிலேருந்து கின்தானா பேசறேன். உங்கம்மா பக்கத்துலதான் இருக்காங்க. எவனுக்கும் நீ பயப்பட வேண்டாம். டப்பா கொடுத்தவன் பேரை மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மூச்சிரைப்போடு நாச்சோவின் குரல் வந்தது.

"சார், நீங்களா? அப்பா கையெழுத்துப் போட்டா போதும், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னுதானே சார் சொன்னீங்க? சுவத்துல கிறுக்கினதுக்குத் தண்டனையா, சனிக்கிழமை சனிக்கிழமை அந்தச் சுரங்கப்பாதைக்குள்ள நின்னு கிறுக்கலையெல்லாம் பெயின்ட் அடிச்சு மறைங்கடான்னு எங்க எட்டுப் பேர் கையிலயும் டப்பாவைக் கொடுத்ததே நீங்கதானே சார்... மூச்சு முட்டுதுன்னு சொன்னப்ப, ஒரு வாரம் வராட்டி தண்டனை முதல்லேருந்துன்னு சொன்னீங்களே, அதான் முந்தாநாளும் வந்தேன்."