ஒரே சஹன்

நிக்காஹ் முடிந்து ஐந்தாம் நாள் மதியம், தாராவியின் அந்த ஒற்றை அறையில் உமைரா கூண்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள். விக்ரோலியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அவளுடைய கினி எலி, கணவனின் அக்கா ஃபர்ஸானாவின் வெள்ளை முயலோடு அதற்குள் இருக்கிறது. இன்னொரு கூண்டுக்கு வீட்டில் இடமில்லை. இரண்டுக்கும் ஒரே தட்டில் கொத்தமல்லித் தண்டு. "விருந்துல ஒரே சஹன் தட்டுல நாலு பேரு கை வெச்சுச் சாப்பிடுறோமில்ல, அது மாதிரிதான். ஒத்துமை தன்னால வரும்" என்று முதல் நாளே ஃபர்ஸானா சொல்லிவிட்டாள். மேல்மாடியில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. அந்த அதிர்வில் கூண்டுக் கம்பிகள் மெல்லக் கிணுகிணுக்கின்றன. ஜன்னல் வெயில் பட்டு முயலின் காது சிவந்து தெரிகிறது. அது தன் மோவாயைக் கினி எலியின் முதுகில் சாய்த்திருக்கிறது. "பாத்தியா, எம்புட்டுப் பாசம்! என் தம்பிகூட உம்மேல இப்படிச் சாஞ்சிருக்க மாட்டான்."

உமைரா சிரிக்கிறாள், ஆனால் கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கினி எலியின் கண்கள் திறந்தே இருக்கின்றன, மீசைகூட அசையவில்லை. காலையில் தூக்கியபோது விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. "மைனி, மொசலக் கொஞ்சம் வெளிய எடுங்க." "ஏன் சும்மா டென்ஷன் எடுக்க?" என்றபடி ஃபர்ஸானா முயலை மடிக்குத் தூக்குகிறாள். அடுத்த நொடி கினி எலி தட்டின்மேல் பாய்கிறது. தலை தூக்காமல், மூச்சு வாங்க, தண்டு தண்டாக மெல்கிறது. முயலைத் தடவிக்கொண்டிருந்த ஃபர்ஸானாவின் கை நின்றுவிடுகிறது. "நாளையிலருந்து ரெண்டு தட்டு வெச்சிருவோம்" என்கிறாள், முயலை மறுபடி உள்ளே விடக் குனிந்தபடி. உமைரா கூண்டின் வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டுகிறாள். அதை எடுக்கவில்லை.