இரண்டு டம்ளர் டீ

ஜூன் 12. மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் அக்காவுக்கு இரண்டு முறை டீ கொடுத்துவிட்டேன். சமையலறையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தவளுக்கு ஒன்று. படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு ஒன்று. இரண்டு டம்ளரும் காலியாகவே திரும்பின. எனக்கு என் கண்மேல் நம்பிக்கை போதாததால் அத்தானையும் பார்க்கச் சொன்னேன்.

அவர் இரண்டு இடத்திலும் எட்டிப் பார்த்தார். “ஒருத்திகிட்ட திட்டு வாங்கவே எனக்குத் தெம்பு இல்ல!”

“அவ திட்டக்கூட மாட்டா,” என்றாள் சமையலறை அக்கா. “குழந்தை பிறந்ததுலேர்ந்து எழுந்திருக்கவே இல்ல. அவளுக்கும் சேர்த்து நான்தான் சிரிக்கிறேன். இனிமே என்னால முடியாதுடி.”

நான் வகுப்புக்குப் போகவில்லை.

நாளை காலை முதல் வேலை: இரண்டு அக்காவையும் டாக்டரிடம் கூட்டிப்போவது. படுத்திருப்பவளை முதலில் காட்ட வேண்டும்.