எங்கள் பெயரில் ஒரு கொம்பன்

மாலை வகுப்பில் இன்று அவரவர் குடும்பத்தின் நிகரச் சொத்தைக் கணக்கிட்டோம். எங்களுக்கு இருப்பது ஒரு கொம்பன் யானை மட்டும். அப்பாவை அது மிதித்துக் கொன்றபோது, இழப்பீடாக அரசு அதையே எங்களுக்கு எழுதிக் கொடுத்தது. வேட்டை உரிமம் பெற்றவர் அதைச் சுட்டால், அதற்கு அவர் கட்டும் பணம் எங்களுக்கு வரும். உயிரோடிருக்கும் யானையைச் சொத்தில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, சேர்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சம்மதப் பத்திரத்தை நீட்டினேன்.

"வயசான யானைதாம்மா. சட்டப்படிதான் சுடுவாங்க."

"குடிச்சிட்டு அது வழியில படுத்தது உங்கப்பன். சாவு அதுக்கா?"

"தம்பி ஆபரேஷனுக்கு வேற வழி சொல்லு."

அம்மா கையெழுத்துப் போட்டாள்.

"எந்த யானைன்னு நீதான் வந்து அடையாளம் காட்டணுமாம்."

"காட்டறேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்கப்பனையும் நாந்தானே காட்டினேன்," என்றாள்.