கெட்டுப்போன டிஸ்க்

அப்பாவின் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்கைத் தங்கை தன் டெஸ்க்டாப்பில் மாட்டியதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தொடாதடி! அது கெட்டுப்போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கெட்டது லேப்டாப்தான். டிஸ்க்கு உசிரோடதான் இருக்கு. காதல் கல்யாணம் பண்ணின என்னை மன்னிச்சிட்டதா அப்பா சாகறதுக்கு முன்னாடி வீடியோவுல பேசினார்னு நீதானே சொன்னே? அதை ஏன் என் கண்ணுல காட்டாம அமுக்கறே?"

"சொன்னாக் கேளு!"

அவன் கையைத் தட்டிவிட்டு வீடியோவைத் திறந்தாள். திரையில் அப்பா சீறினார்.

"நான் செத்தாலும் அந்த ஓடுகாலி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வெடுக்கென்று வயரைப் பிடுங்கினாள்.

"நீ சொன்னதுதாண்ணா சரி. டிஸ்க்கு கெட்டுத்தான் போயிருக்கு."