சல்லடைத் தகடு

போடிநாயக்கனூர் ஆஸ்பத்திரி வார்டில், காலை வெயில் சுருளியம்மாளின் நீட்டிய கைமேல் விழுகிறது. தோல் புற்று முற்றி, முன்கையெல்லாம் கறுப்புக் கட்டிகள். புது மருந்து ஒன்றை நான்கு நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார் டாக்டர். இது மூன்றாம் வாரம். கட்டி சுருங்குகிறது என்று அவருடைய அளவுகோல் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். முப்பது வருஷம் ஏலக்காய் சலித்தவள்; காயின் பருமனைச் சல்லடை ஓட்டையில் அளந்தே பழகியவள். மடியிலிருந்து பழைய சல்லடைத் தகட்டை எடுத்து, பெரிய கட்டிமேல் ஒரு ஓட்டையைப் பொருத்தி அழுத்துகிறாள். கட்டி உள்ளே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. "போன வாரம் இதே ஓட்டையில நுழையாம நின்னுச்சுய்யா! இப்பப் பாருங்க, சுத்தி எடம் கெடக்கு!" டாக்டர் குனிந்து பார்க்கிறார். "ஒரு கட்டிதானம்மா, அவசரப்படாதீங்க" என்கிறார். அவர் கையிலிருந்த பென்சில் விழுந்து உருண்டோடுவது அவருக்கே தெரியவில்லை. எதிர்க்கட்டிலில் வீரணன், அந்த நால்வரில் ஒருவர். ஊசி போட்டால் வரும் வாந்திக்குப் பயந்து நேற்று ஊசியே வேண்டாமென்றவர்; ஊருக்குப் போக மூட்டையும் கட்டிவிட்டார். இப்போது நொண்டிக்கொண்டே வந்து தகட்டை வாங்கி, தன் கால் கட்டிமேல் வைத்து அழுத்துகிறார். நுழையவில்லை. இன்னொரு தடவை அழுத்துகிறார். பிறகு திரும்பிப் போய், மூட்டையைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டுகிறார். "அந்த ஊசிய வெரசாக் கொண்டாங்கய்யா."