இருமலும் பேதியும்

"ஏம்மா ஜோசி, இருமல் மருந்தையும் பேதி மருந்தையும் ஒண்ணா குடிச்சா என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு நோலீன் மருந்துக்கடை மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். வண்டியிலிருந்து கடைக்குள் நடந்து வந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

மேசைக்குப் பின்னால் நின்ற மருந்தாளர் ஜோசிக்கும் அன்றைக்கு இடுப்பொடிந்த நாள்தான். ஆகஸ்ட் என்றால் அந்தத் தென்கோடி நாட்டில் நடுக் குளிர்காலம்; ஊரில் பாதிப் பேர் இருமினார்கள், மீதிப் பேர் அவர்களுக்கு மருந்து வாங்க வந்தார்கள். "யாருக்கு?" என்றாள்.

"எங்க ஆளுக்குத்தான். வெளிய வண்டியில உக்காந்து லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டிருக்காரு. நாளைக்குக் காலையில பர்னி ஆஸ்பத்திரியில குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் பால் கறந்து முடிச்சதும் பேதி மருந்தை ஆரம்பிக்கணும்."

பையிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்து வைத்தாள். போன வருடம் டாக்டர் எழுதிக்கொடுத்த இருமல் மருந்து. பாதி மிச்சமிருந்தது, நல்ல சிவப்பு.

ஜோசி பார்த்ததும் தலையை ஆட்டினாள். "இது வேண்டவே வேண்டாம். இதுல கோடீன் இருக்கு, குடலைக் கட்டிப்போட்டுடும். பேதி மருந்து ஓட்டப் பாக்கும். ஒருத்தர் பிரேக்கை மிதிச்சு, இன்னொருத்தர் ஆக்சிலரேட்டரை மிதிச்சா வண்டி எங்க போகும்? சாயம் வேற சிவப்பு. உள்ள பாக்கிற டாக்டருக்கு ரத்தம் மாதிரியே தெரியும்."

"தெரியாம குடிச்சுட்டார்னா? திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"குடல் சுத்தமா இல்லன்னா பாத்துப் பிரயோசனமில்ல. இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிடுவாங்க. மறுபடியும் முதல்லேருந்து காத்துக்கிடக்கணும்."

"ரொம்ப நாள் தள்ளிப்போகுமோ?"

கேட்ட தொனி ஜோசிக்கு உறுத்தியது. தள்ளிப்போய்விடுமே என்ற கவலை அதில் இல்லை. தள்ளிப்போகட்டும் என்ற ஆசைதான் இருந்தது.

"தள்ளிப்போட்டா வியாதி ஓடிடுமா, நோலீன்? மலத்துல ரத்தம் இருக்குன்னு முடிவு வந்தாச்சு. எங்கேருந்து வருதுன்னு பாத்துத்தானே ஆகணும்."

ஐம்பது வயது ஆனால் அரசாங்கம் எல்லார் வீட்டுக்கும் தபாலில் அனுப்புகிற பரிசோதனைப் பெட்டியின் முடிவு அது. அவரவர் மலத்தைக் குச்சியால் தொட்டுக் குப்பிக்குள் போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். நோலீனின் கணவர் மெர்வுக்கு வந்த பெட்டி குளியலறை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய கதை இந்தக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். நோலீனே சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

"கன்னு மாட்டிக்கிச்சுன்னா பசுவுக்குள்ள தோள் வரைக்கும் கையை விடுற மனுஷன்," என்று ஜோசி சிரித்தாள். "தன்னோடதை ஒரு குச்சியால தொடமாட்டேன்னு அழும்பு பண்ணினாரே. எப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தீங்க?"

"கடுதாசி மேல கடுதாசி போட்டாங்க. டாக்டர்கிட்டேருந்து போன் வேற. எனக்கு அலுத்துப்போச்சும்மா. ஒரு வழியா அனுப்பித் தொலைச்சேன்."

"உங்களோடது?"

"போன வருஷமே பாத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு வந்துது."

கதவு திறந்தது. மெர்வ் தொப்பியைக் கழற்றாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "ஜோசி, நாளைக்கு வரைக்கும் டீயில பால் விடக்கூடாதாமே. கொட்டகை நிறைய மாடு வச்சிருக்கிறவனுக்கு இது என்ன தலையெழுத்து?"

"ஒரு நாள்தானே. தேன் விட்டுக் குடிங்க, இருமலுக்கும் நல்லது. மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட இருமல் இருக்குன்னு மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்." இருமல் அடங்கும்வரை நின்றார். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மாட்டையெல்லாம் வித்துடச் சொல்லியிருக்கேன். இவ ஒத்தையில கிடந்து அல்லாட முடியாது, பாரு" என்றார். நோலீனைப் பார்க்காமலே வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஜோசி சிவப்பு பாட்டிலை ஓரமாக வைத்தாள். "வேற என்ன வேணும்?"

"வழக்கமா வாங்குற இரும்புச்சத்து மாத்திரை."

"இது மெர்வ் சாப்பிடலையே? கேமரா விடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும்."

"அவருக்கு எதுக்கு, எனக்குத்தான். படுத்து எழுந்தாலும் இந்தக் களைப்பு போகமாட்டேங்குது."

"கன்னு போடுற மாசத்துல யாருக்குத்தான் களைப்பில்ல? எனக்கு மாடே இல்ல, நானே செத்துக்கிட்டிருக்கேன்." ஜோசி மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தாள். "கவலையை விடுங்க. நாளைக்கு மெர்வுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா உங்க களைப்பும் பறந்துடும். ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கலாம்."

நோலீன் டப்பாவைத் தொடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வண்டிக்குள் குனிந்து இருமுகிற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை.

"அவருக்கு ஒண்ணும் இருக்காது, ஜோசி. அந்தக் குப்பியில இருந்தது என்னோடது."