வலிக்குப் பத்துக்கு எத்தனை?

மூட்டுவலிக்காரர்களுக்கென்று ஆமை ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தது. விடிந்ததும் ஒவ்வொருவரும் தன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று போடவேண்டும்.

ஒருநாள் கொக்கு, "இன்னிக்கு பூஜ்யம்! ஒத்தைக் கால்ல நிக்கறேன்!" என்று போட்டது.

ஆமைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருவரும் வாழ்த்தவில்லை.

"நாங்க இங்க செத்துப் பொழைக்கிறோம், இவருக்குக் கொண்டாட்டமா? தூக்குங்க அட்மின்!" என்று பொருமியது ஒட்டகம்.

"வலி தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த இடம்" என்று எழுதி, கொக்கை நீக்கியது ஆமை. கைதட்டல் குவிந்தது.

மறுநாள் காலை ஆமை காலை நீட்டிப் பார்த்தது. மடக்கிப் பார்த்தது. மறுபடி நீட்டியது. எங்கேயும் வலிக்கவில்லை.

ஐயையோ! நாலா பக்கமும் பார்த்துவிட்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "ஒன்பது" என்று போட்டது.